பாட்டன் கட்டிய அணை: ‘ஃப்ரோசன் 2’ சிறுவர்க்கு உகந்த படமா?

ஒரு திரைப்படம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்ற வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, மார்க்கம் விலக்கியவை அதில் எத்தனை இடம்பெற்றுள்ளன என்று எண்ணிச் சொல்லும் விடை. சூனியம் உண்டா, ஆடல் பாடல் உண்டா, ஆடை எத்தகையது என்று பட்டியலிட்டு, பட்டியல் நீண்டால் ‘கூடாது’ என்றும் குறுகினால் ‘பார்க்கலாம்’ என்றும் அது முடியும். மற்றொன்று, ‘குழந்தைப் படம்தானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது?’ என்று ஆராயாமலே இசைவு தரும் விடை. முன்னது கண்டிப்பாகவும் பின்னது தாராளமாகவும் தோன்றினும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே படத்தை முழுமையாகப் பார்ப்பதில்லை. படத்தின் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையைப் பார்ப்பதே இல்லை.

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் பலாகா கலையில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ‘தல்கீஸுல் மிஃப்தாஹ்’ நூலின் ஆசிரியர் கதீப் அல்கஸ்வீனி (ரஹ்), சொற்செறிவுக்கு இலக்கணம் கூறும்போது, பேச்சு ‘முக்தளல் ஹால்’ என்பதற்கு, அதாவது கேட்பவரின் நிலை வேண்டி நிற்பதற்குப் பொருந்தியிருத்தலை அடிப்படையாக்குகிறார். ஒரே செய்தியை வெற்றுள்ளத்தோடு கேட்பவருக்கு ஒருவகையாகவும், ஐயுறுபவருக்கு வேறொரு வகையாகவும், மறுப்பவருக்கு இன்னொரு வகையாகவும் சொல்ல வேண்டும். முன்முடிவு ஏதுமின்றிக் கேட்பவரைக் ‘காலித் திஹ்ன்’ என்பர். அவருக்கு வலியுறுத்தல் தேவையில்லை, சொன்னவுடன் ஏற்றுக்கொள்வார். சிறு குழந்தையைவிடச் சிறந்த ‘காலித் திஹ்ன்’ எவர்? ஆகவே நன்மை, தீமை என்ற தீர்ப்பு படத்துக்குள் மட்டும் இல்லை. படத்துக்கும் அதைக் காணும் பிள்ளையின் நிலைக்கும் இடையே உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டு, நம் இல்லங்களுக்குள் நெடுநாள் முன்பே நுழைந்துவிட்ட ஒரு படத்தை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது ஏழாயிரம்பண்ணைப் பெற்றோர் சிலர் எழுப்பிய வினா. சிறுவர்க்கான கோடை விடுமுறை மார்க்க வகுப்பின் நிறைவு நாளில் ‘ஃப்ரோசன்’ படத்தின் இரண்டாம் பாகத்தைத் தமிழில் காட்டலாமா என்று அவர்கள் கேட்டனர். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே விரிப்பில் அமரும் வகுப்பு அது. சூனியக்காரி கதை என்று ஒரு சாராரும், தங்கைக்கு அக்காள் மீதுள்ள அன்பைச் சொல்லும் கதை என்று மறு சாராரும் வாதிட்டிருக்கின்றனர். இரண்டும் படத்தில் உண்டு. எனினும் படத்தின் உயிர் இரண்டிலும் இல்லை.

படமும் கதையும்

கிறிஸ் பக், ஜெனிஃபர் லீ இருவரும் இணைந்து இயக்கிய ‘ஃப்ரோசன்’ 2013இல் டிஸ்னி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. டென்மார்க்கின் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் எழுதிய பனியரசிக் கதையைத் தொலைவிலிருந்து தழுவியது அது. அதே இயக்குநர்களின் இரண்டாம் பாகம் 2019 நவம்பர் 22 அன்று இந்தியாவிலும் திரைக்கு வந்தது. தமிழ் வடிவில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசனும் அன்னாவுக்கு திவ்யதர்ஷினியும் குரல் கொடுத்தனர். திரையரங்குகளைவிட்டு அது எப்போதோ போய்விட்டது. வீட்டுத் திரையிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் போகவில்லை.

தொட்டதைப் பனியாக்கும் ஆற்றலோடு பிறந்தவள் எல்சா; அரெண்டெல் நாட்டின் அரசி. அவளுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. காற்று, நெருப்பு, நீர், நிலம் ஆகியவற்றின் ஆவிகள் சினந்து எழ, மக்கள் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். காரணம் தேடி எல்சாவும் தங்கை அன்னாவும் துணைவர்களும், மூடுபனியால் பல்லாண்டுகள் பூட்டப்பட்டுக் கிடக்கும் வடதிசைக் காட்டுக்குச் செல்கின்றனர். அங்கே நார்த்துல்ட்ரா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சகோதரியரின் பாட்டனார் ரூனார்ட் மன்னர் அம்மக்களுக்கு நட்பின் பரிசாக ஓர் அணையைக் கட்டிக் கொடுத்தார் என்பதும், அவர்களே நன்றி மறந்து போரைத் தொடங்கினர் என்பதும் அரண்மனையில் சொல்லப்பட்டு வந்த வரலாறு. நினைவுகளின் ஆறு எனப்படும் அஹ்தோஹாலனின் ஆழத்துக்குச் சென்று எல்சா உண்மையைக் காண்கிறாள். அந்த அணை பரிசன்று. அம்மக்களின் நிலத்தை நலிவித்து அவர்களை அடக்க வகுத்த சூழ்ச்சி. ஆயுதம் இன்றி நின்ற அவர்களின் தலைவரை வெட்டிக் கொன்றவர் பாட்டனாரே. இவ்வுண்மையைத் தங்கைக்கு அனுப்பிவிட்டு எல்சா உறைந்துபோகிறாள். அவள் ஆற்றலால் உயிர்பெற்றிருந்த பனிப்பொம்மை ஓலாஃப், அன்னாவின் கைகளிலேயே துகள்துகளாகக் கரைந்து மறைகிறது. தனித்து விடப்பட்ட அன்னா, தன் ஊர் மூழ்கும் என்று அறிந்தே, அந்த அணையை உடைக்க முடிவு செய்கிறாள்.

இதுவே கதை. கூர்ந்து நோக்கினால், இக்கதையின் கொடியவன் கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டான் என்பது விளங்கும். அவன் அயலானும் அல்லன். கதைத் தலைவியரின் சொந்தப் பாட்டன்.

சூனியம் என்ற குற்றச்சாட்டு

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். திருமறை கண்டிக்கும் ‘ஸிஹ்ர்’, மக்களை ஏமாற்றவும் தீங்கிழைக்கவும், குறிப்பாகக் கணவன் மனைவியைப் பிரிக்கவும் கற்றுப் பயிலப்படும் செயல். கதையில் ஒருத்தி விரலசைத்துப் பனிக்கோட்டை எழுப்புவதை இதனோடு ஒன்றாக வைப்பது கற்பனைக்கும் பொய்ம்மைக்கும் உள்ள வேற்றுமையை மறப்பதாகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் இறக்கை கட்டப்பட்ட குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்கு இறக்கையா என்று அண்ணலார் (ஸல்) வினவியதும், ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை உண்டே என்று அன்னையார் மறுமொழி சொன்னதும், அது கேட்டு அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளன. இறக்கைக் குதிரையைப் பறித்தெறியும்படி பெருமானார் பணிக்கவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

நம் தமிழ் முஸ்லிம் மரபும் இவ்வகையில் வறண்டதன்று. ஏழாயிரம்பண்ணைக்கு அதிகத் தொலைவில் இல்லாத எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், தம் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ பாடினார். குட்டிக்குப் பாலூட்டி வரத் தாய்மான் பேசி விடை கேட்கிறது. அண்ணலார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். பேசும் மானைப் பாட்டிமார் மடியில் கேட்டு வளர்ந்த சமுதாயம், பேசும் பனிப்பொம்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் கொள்கை நோக்கில் இப்படத்தின்மீது வைக்கத்தக்க குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்சாவின் பயணம் ஒரு தேடல்: நான் யார்? எனக்கு மட்டும் இவ்வாற்றல் ஏன்? ஆற்றின் ஆழத்தில் அவள் பெறும் விடை, நீ இதுவரை காத்திருந்தது உன்னையே என்பதுதான். தேடல் தன்னில் தொடங்கித் தன்னிலேயே முடிகிறது. ஸுலைமான் (அலை) அவர்களுக்குக் காற்று வசப்பட்டது. எறும்பின் பேச்சு விளங்கியது. அது விளங்கிய நொடியில் அவர்கள் செய்தது, தமக்கு அருளியவனுக்கு நன்றி செலுத்தும் பேற்றை அவனிடமே வேண்டியது (27:19). கொடை அங்கே கொடையாளனை நினைவூட்டுகிறது. படத்தில் கொடை உண்டு, கொடையாளன் இல்லை. அந்த இடத்தில் ‘இயற்கை’ என்ற மங்கலான சொல் நிற்கிறது. குழந்தை இதனைக் கண்டு பனியாவியை வணங்கப் போவதில்லை. ஆனால் தன்னைத் தேடுவோர் கடைசியில் சந்திப்பது தன்னை மட்டுமே என்ற எண்ணம், வலியுறுத்தலே தேவைப்படாத வெற்றுள்ளத்தில் ஓசையின்றி இறங்கும். கண்ணுக்குத் தெரியும் பனிக்கோட்டையை எண்ணிக் கவலைப்படுவோர், கண்ணுக்குத் தெரியாத இவ்விடத்தைக் கவனிப்பதில்லை.

நேர்மையாகச் சொல்வதானால், படத்திலேயே இதற்கு ஓர் எதிர்க்குரலும் உண்டு. சகோதரியரின் தாய் இடூனா, அந்தப் பழங்குடியில் பிறந்த சிறுமியாக இருந்தபோது, பகைநாட்டு இளவரசன் ஒருவனைக் காப்பாற்றினாள். எல்சாவின் ஆற்றல் அந்த நற்செயலின் கனியாகச் சொல்லப்படுகிறது. இரு அநாதைச் சிறுவர்களின் புதையலைக் காத்த சுவரை நிமிர்த்தி வைத்ததற்கு, அவர்தம் தந்தை நல்லவராக இருந்ததையும் காரணமாகச் சுட்டும் கஹ்ஃபு அத்தியாய நிகழ்ச்சி (18:82) நம் நினைவுக்கு வருகிறது. இக்கதையைச் சொல்ல, படத்தின் அந்த இடம் பெற்றோருக்கு நல்லதொரு வாயிலாகும். இசை பற்றியும் உருவங்கள் பற்றியும் ஃபிக்ஹு அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகள் தனியே பேசத்தக்கவை. ஒவ்வொரு குடும்பமும் தான் பின்பற்றும் அறிஞரின் முடிவை அதில் மேற்கொள்ளட்டும்.

எந்த வயதின் குழந்தை?

‘குழந்தை’ என்பது ஒரே சொல்லாயினும் ஒரே நிலையன்று. பகுத்தறியாப் பருவம், தம்யீஸ் எனப்படும் பகுத்தறியும் பருவம், பருவ வயதை நெருங்கும் நிலை, பருவம் எய்தல் என ஃபிக்ஹு நூல்கள் படி வகுத்துள்ளன. வீட்டுக்குள்ளேயே அனுமதி கேட்டு நுழைவது பற்றி அந்நூர் அத்தியாயம் (24:58, 59) பேசும்போதும், பருவம் எய்தாதவர்க்கு ஒரு முறையும் எய்தியவர்க்கு வேறொரு முறையும் கூறுகிறது. ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறு நபிமொழி பணிக்கிறது. ஏழு என்பது நம் மரபில் தற்செயலான எண்ணன்று.

நம் நாட்டின் திரைப்படச் சட்டமும் பிந்தியேனும் அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்புக்குரியது. 1983 முதல் ‘யுஏ’ என்ற ஒரே வகை இருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதே அதன் பொருள். 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகளைக் கோடாக வைத்து மூன்றாகப் பிரித்தது. 2019இல் இப்படம் வந்தபோது ஏழு வயது என்ற கோடு சட்டத்தில் இல்லை. இப்படத்துக்கு மிகவும் தேவைப்படும் கோடு அதுவே.

ஏன் எனில், இது வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்ட இரண்டாம் பாகம். முதல் படத்தை ஐந்து வயதில் கண்ட பிள்ளைக்கு இரண்டாம் படம் வரும்போது பதினொரு வயது. இயக்குநர்கள் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து கதையையும் வளர்த்திருக்கின்றனர். ஆனால் எல்சா படம் பொறித்த பென்சில் பெட்டியும் புத்தகப்பையும் இன்றும் நான்கு, ஐந்து வயதினரை நோக்கியே விற்கப்படுகின்றன. கதை ஒரு வயதினரிடம் பேசுகிறது. கடை வேறொரு வயதினரை அழைக்கிறது. பெற்றோரின் குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது.

முதல் படத்தின் கதையை நான்கு வயதுக் குழந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்: அக்காள் ஓடிப்போனாள், தங்கை தேடிப்போனாள், அன்பினால் பனி உருகியது. இரண்டாம் படத்தை அவ்வாறு சொல்ல இயலாது. நான்கு ஆவிகள், ஐந்தாவதாக ஒன்று, நினைவுகளை வைத்திருக்கும் ஆறு, பொய்யாகச் சொல்லப்பட்ட வரலாறு, அதற்குள் மெய்யான வரலாறு என அடுக்கடுக்காகச் செல்லும் இக்கதை பெரும்பாலும் உரையாடலால் விளக்கப்படுகிறது. இடையிடையே கிறிஸ்டாஃப் தன் திருமண விருப்பத்தைச் சொல்லத் தவிக்கும் காட்சிகளும், பெரியவர்களின் பழைய பாட்டுக் காட்சிகளைக் கேலி செய்யும் பாட்டும் சிறு பிள்ளைகளுக்கு எதையும் தருவதில்லை. காட்டில் அடுத்தடுத்து நிகழும் அச்சங்களுக்கிடையே ஓலாஃப், வளர்ந்தபின் இவையெல்லாம் விளங்கிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பாடுகிறது. படம் தன் வயது வரம்பைத் தானே சொல்லிவிட்ட இடமாக அதனைக் கொள்ளலாம்.

இறப்பும் பட்டாசு நிலமும்

இனி, இவ்வினாவை ஏழாயிரம்பண்ணையிலிருந்து கேட்பதால் நாம் கடந்துபோக முடியாத பகுதிக்கு வருவோம். படத்தின் நடுவே, சகோதரியர் ஒரு கரையில் உடைந்து கிடக்கும் கப்பலைக் காண்கின்றனர். பெற்றோர் மூழ்கிய கப்பல் அது. தன் ஆற்றலுக்கு விளக்கம் தேடியே அவர்கள் அப்பயணத்தை மேற்கொண்டனர் என்று அறிந்ததும், என்னால்தான் அவர்கள் இறந்தனர் என்று எல்சா உடைந்துபோகிறாள். அவர்கள் எடுத்த முடிவுக்கு நீ பொறுப்பல்ல என்று அன்னா ஆறுதல் சொல்கிறாள். உடனே கதை அடுத்த காட்சிக்கு விரைந்துவிடுகிறது.

சென்னையிலோ துபாயிலோ ஒரு வீட்டில் இது கண்கலங்க வைக்கும் காட்சி, அவ்வளவே. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இதன் நிலை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று, ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவை செய்தித்தாள்களில் பெரிதாக வந்தவை. ஒருவர், இருவர் என்று மாண்ட விபத்துகள் பல. எந்தச் சமயத்தவராயினும், காலையில் வேலைக்குப் போன தாயோ தந்தையோ மாலையில் திரும்பாத வீடுகள் அந்நிலத்தில் உண்டு. ‘உன் பள்ளிக் கட்டணத்துக்காகத்தான் இந்த வேலை’ என்று பெற்றோர் எத்தனையோ முறை சொல்லியிருப்பர். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்து, பின் அவர்களை இழந்த பிள்ளை, எல்சாவின் கதறலைக் கேட்கும்போது எதைக் கேட்கும்? அன்னாவின் ஆறுதல் சரியான ஆறுதலே. ஆனால் காயத்தை விரிவாகக் காட்டிவிட்டு மருந்தை அரை நொடியில் தடவிச் செல்கிறது படம். எஞ்சிய மருந்தை இடவேண்டியவர் அருகிலிருக்கும் பெரியவர். அவர் அருகில் இல்லையெனில் அக்காட்சி அப்பிள்ளைக்குத் தீங்கு.

ஓலாஃபின் மறைவிலும் இத்தகைய சிக்கல் உண்டு. இறந்தவர் மீளார் என்ற உண்மை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் மெல்லமெல்லத் தெளிவாகிறது என்பது உளவியலார் கருத்து. அத்தெளிவு உருவாகிக்கொண்டிருக்கும் வேளையில், கரைந்துபோன ஓலாஃபை எல்சா ஒரு கையசைவில் மீட்டெடுப்பதைப் படம் காட்டுகிறது. ‘அது திரும்பி வந்ததே, அத்தா ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் பிள்ளைக்கு எந்தத் திரையும் விடை சொல்லாது.

குழந்தைக் கதையில் இறப்பே கூடாது என்பது இதன் பொருளன்று. அந்தலூசியப் பேரறிஞர் இப்னு துஃபைல் (ரஹ்) பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘ஹய்யிப்னு யக்ளான்’ கதையில், மனிதரில்லாத் தீவில் மான் ஒன்று வளர்க்கும் சிறுவன் வருகிறான். தாயாக இருந்த அம்மான் இறந்துபோகிறது. அழைத்துப் பார்க்கிறான், அசைவில்லை. கண்ணில், காதில் குறை தேடுகிறான், காணவில்லை. தன்னை நேசித்தது அவ்வுடலன்று, அவ்வுடலில் குடியிருந்து நீங்கிய ஒன்று என்ற முடிவுக்கு இறுதியில் வருகிறான். பின்னர் காகத்தைப் பார்த்துக் குழி தோண்டி அடக்கவும் கற்கிறான். இப்னு துஃபைல் மானை உயிர்ப்பிக்கவில்லை. அந்த இழப்பிலிருந்தே சிறுவனின் இறைத்தேடலைத் தொடங்கி வைத்தார். இறப்பைக் கதையில் காட்டுவது பிழையன்று. காட்டிவிட்டு அதைப் பொருளற்றதாக்குவதே பிழை.

அணையை உடைத்தல்

இத்தனை குறைகளையும் சொன்ன பின், இப்படத்தில் அரிய பொருள் ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைப் படங்களில் பெரும்பாலும் தீயவன் வெளியிலிருந்து வருவான். அவனை வீழ்த்தினால் கதை முடியும். இங்கே தீமை நம் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கும் பாட்டனிடமிருந்து வருகிறது. அவர் செய்ததை அறிந்த பேத்தி அதை மறைக்கவில்லை; நியாயம் கற்பிக்கவில்லை; அவர் கட்டியதை இடித்துத் தள்ளுகிறாள். உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்துச் சான்று பகருமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளையை (4:135) பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய கதை எளிதில் கிடைக்காது.

இவ்விடத்தில் நுட்பமான ஐயம் ஒன்று எழக்கூடும். ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் நெறி (6:164). அவ்வாறிருக்கப் பாட்டனின் பாவத்துக்குப் பேத்திகள் ஏன் விலை தரவேண்டும்? நம் ஃபிக்ஹு நூல்களின் ‘கஸ்பு’ எனப்படும் அபகரிப்பு இயல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. பாவம் வாரிசுக்கு இறங்குவதில்லை. அதேபோல், பறித்த பொருளும் வாரிசுக்குச் சொந்தமாவதில்லை. இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் அவர் கடனை அடைக்க வேண்டும். அவர் அபகரித்தது அவர் சொத்தே அன்று, உரியவரிடம் திரும்ப வேண்டியது. அன்னா தண்டனை பெறவில்லை. பறிக்கப்பட்ட ஆற்றை உரியவர்க்குத் திருப்பிக் கொடுக்கிறாள். தாத்தா வாங்கிய கடன், பெண்மக்களுக்குக் கொடுபடாத பங்கு, அண்டை வயலின் வரப்பு என இத்தகைய ‘அணைகள்’ நம் குடும்பங்களிலும் உண்டு. பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் அது நல்ல கேள்வியே.

இக்கதையின் பின்னே மெய்யான மக்கள் இருக்கின்றனர். நார்த்துல்ட்ரா மக்கள், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடபகுதியில் வாழும் சாமி இனத்தாரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவர்கள். அவர்தம் நாடாளுமன்றங்களோடும் சாமி மன்றத்தோடும் டிஸ்னி 2019இல் உடன்படிக்கை செய்துகொண்டது. வட சாமி மொழியிலும் படம் வெளியாயிற்று. நார்வேயில் ஆல்டா ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட நீர்மின் அணையை எதிர்த்து, 1979 முதல் 1981 வரை சாமி மக்கள் உண்ணாநோன்பு உள்ளிட்ட போராட்டங்களை நடத்தினர். அணை நிற்கவில்லை, 1987இல் மின்நிலையம் திறக்கப்பட்டது. எனினும் அப்போராட்டமே அவர்தம் உரிமைகளை அரசு ஆராயத் தூண்டியது. 1989இல் நார்வேயின் சாமி நாடாளுமன்றம் தொடங்கப்பட்டது. படத்தில் அணை உடைகிறது. ஆல்டாவில் அணை இன்றும் நிற்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டையும் சொல்லலாம்.

ஆனால் இந்த அரிய பொருளைப் படமே கடைசியில் கெடுத்துக்கொள்கிறது என்பதே என் தலையாய குறை. அணை உடைகிறது, வெள்ளம் அரெண்டெலை நோக்கிப் பாய்கிறது, மீண்டெழுந்த எல்சா நீர்க்குதிரையின் மீதேறி வந்து பனிச்சுவரால் அதைத் தடுத்துவிடுகிறாள். அரண்மனையின் ஓர் ஓடுகூட நனையவில்லை. நீதி செய்ய ஊரையே இழக்கத் துணிந்த அன்னாவின் முடிவு, எதையும் இழக்காமலே நிறைவேறிவிடுகிறது. ஊர் மக்கள் முன்பே வெளியேறியிருந்தனர். வீடுகள் சில மூழ்கியிருந்தாலும் உயிருக்குச் சேதம் இராது. அவற்றைச் சகோதரியர் இருவரும் நார்த்துல்ட்ரா மக்களின் துணையோடு மீண்டும் கட்டுவதாக முடித்திருந்தால், இது சிறந்த சிறுவர் படங்களின் வரிசையில் முன்னிற்கும். உண்மை சொல்வதற்கு விலை உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஅபு இப்னு மாலிக் (ரலி), பொய்க் காரணம் சொல்லித் தப்பாமல் உண்மையைச் சொன்னார். ஐம்பது நாட்கள் ஊரே அவரோடு பேசவில்லை. மன்னிப்பு வந்தது, ஐம்பது நாட்களுக்குப் பின்னர் வந்தது. அந்த ஐம்பது நாட்களே இப்படத்தில் விடுபட்டுள்ளன.

தீர்வு

ஆகவே, ஏழாயிரம்பண்ணைப் பெற்றோர் கேட்ட வினாவுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற ஒற்றைச்சொல் விடை பொருந்தாது. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி இப்படத்தைக் காட்டுவது தகாது. ஏழு வயதுக்குட்பட்டோருக்கு இது விளங்காது. விளங்கும் பகுதி அச்சமாகவே விளங்கும். அவர்களுக்கு நல்ல கதைசொல்லி ஒருவரும் விளையாட ஒரு திடலும் போதும். பாடம் முடிந்த பிள்ளைகளை விளையாட விடாது தடுப்பது அவர்தம் உள்ளத்தைச் சாகடிக்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்திருப்பதை இங்கே நினைவுகூர்க.

ஏழு முதல் பத்து வயதினர் தம் பெற்றோரில் ஒருவருடன் பார்க்கலாம். கப்பல் காட்சியிலும் ஓலாஃப் கரையும் காட்சியிலும் படத்தை நிறுத்திப் பேச வேண்டும். ஓலாஃப் திரும்பி வரும் என்பதையும், அது கதை என்பதால்தான் வருகிறது என்பதையும், நம்மில் பிரிந்தவர்களை மறுமையில் காண்போம் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது நலம். பத்து வயதைக் கடந்தோர்க்கு இப்படம் உகந்தது மட்டுமன்று, பயனுள்ளதும் ஆகும். படம் முடிந்ததும் மூன்று வினாக்களை அவர்கள் முன் வைக்கலாம்: எல்சாவுக்கு இவ்வாற்றலைத் தந்தது யார் என்று படம் சொல்கிறது, நீ என்ன சொல்வாய்? பாட்டன் செய்த தவற்றைப் பேத்தி சரிசெய்ய வேண்டுமா? வெள்ளம் ஊரை அழித்திருந்தால் அன்னா செய்தது அப்போதும் சரிதானா?

பெற்றோரில் ஒருவரை விபத்தில் இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், அதன் பொறுப்பாளரைக் கேளாமல் இப்படத்தைக் காட்டக்கூடாது. ஒரு பிள்ளைக்காகத் திரையிடலைத் தள்ளிவைப்பது மிகையெனச் சிலருக்குத் தோன்றலாம். அநாதையின் தலையைத் தடவிக் கொடுக்கக் கற்பித்த மார்க்கத்தில் அது மிகையன்று.

தணிக்கைக் குழு சான்றிதழ் தரும்போது கூடத்தில் யார் அமரப்போகிறார் என்று அறியாது. அதனை அறிந்தவர்கள் பெற்றோரும் ஆசிரியருமே. கேட்பவரின் நிலையறிந்து பேசுவது பலாகா எனில், காண்பவரின் நிலையறிந்து காட்டுவதும் அதன் ஒரு பகுதியே. நம் பிள்ளைகளின் நிலையறிந்து நடக்கும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக.